குலச்சின்னத்தில் சிவப்பு என்றால் வீரமா?

சிவப்பு என்றால் வீரம். நீலம் என்றால் விசுவாசம். பச்சை என்றால் நம்பிக்கை, கறுப்பு என்றால் மன உறுதி. சிங்கம் இருந்தால் துணிச்சல், கழுகு இருந்தால் கூர்மதி. ஐரோப்பியக் குலச்சின்னங்களைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் கைக்குக் கிடைப்பது இப்படியொரு பட்டியல்தான். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் போட்டிருப்பதைப் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன். நானும் அதை மனப்பாடம் செய்தவன்தான். கொஞ்சம் படித்த பிறகே தெரிந்தது, அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கேடயத்தைக்கூட உருப்படியாகப் படிக்க முடியாது என்று.

குலச்சின்னம் என்பது அடிப்படையில் ஒரு கேடயத்தின் மேல் தீட்டிய படம். அதன் வண்ணங்களுக்கும் உருவங்களுக்கும் விதிகள் உண்டு. அது தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் சொத்தைப் போல இறங்கும். இந்த விதிகளையும் வழக்கங்களையும் பற்றிய துறைக்குத்தான் ஹெரால்ட்ரி என்று பெயர். ஹெரால்டு என்றால் நம் கட்டியக்காரர்: அரசவையிலும் போர்க்களத்திலும் போட்டிக் களத்திலும் வருபவர் யார் என்று உரக்க அறிவிப்பவர். அறிவிக்க வேண்டுமானால் முதலில் அடையாளம் தெரிய வேண்டும். துறை பிறந்ததே அந்தத் தேவையிலிருந்துதான்.

முகம் தெரியாத மனிதர்கள்

1066-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போரில், நார்மண்டிக் கோமகன் வில்லியம் இறந்துவிட்டார் என்று அவருடைய படையிலேயே வதந்தி கிளம்பியது. வில்லியம் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. பிரான்சின் பேயூ நகரத்துக்குரிய புகழ்பெற்ற நீண்ட பூத்தையல் துணியில் இந்தக் காட்சி தைக்கப்பட்டிருக்கிறது. அதே துணியில் வீரர்களின் கேடயங்களில் சிலுவைகளும் பாம்பு போன்ற விலங்குகளும் தென்படும். ஆனால் அவை இன்னாருடைய சின்னம் என்று நிலைத்தவை அல்ல, வெறும் அலங்காரம். தலைவன் யாரென்று கேடயத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்திருந்தால், வில்லியம் முகத்தைக் காட்ட வேண்டிய அவசியம் வந்திருக்காது.

அடுத்த நூறாண்டில் நிலைமை மாறியது. 1151-இல் இறந்த ஆஞ்சூ கோமகன் ஜெஃப்ரியின் உருவம் வண்ணப் பூச்சிட்ட ஒரு செப்புத் தகட்டில் பிரான்சின் லெ மான் நகரத்தில் இருக்கிறது. அவர் கையில் நீல நிறக் கேடயம், அதில் பொன் சிங்கங்கள். அவருடைய பேரன் வில்லியம் லாங்ஸ்பே 1226-இல் இறந்தார். இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் அவருடைய கல்லறைச் சிற்பத்தின் கேடயத்திலும் அதே நீலம், அதே பொன் சிங்கங்கள், ஆறு. தாத்தாவின் கேடயம் பேரன் கைக்கு வந்துவிட்டது. அலங்காரமாக இருந்தது குலத்தின் உடைமையாக மாறிய திருப்பம் இது.

இதற்கு முகத்தை மூடும் தலைக்கவசம் ஒன்றையே காரணமாகச் சொல்வதுண்டு. அது மட்டுமே போதாது என்பது என் எண்ணம். அதே காலத்தில் குதிரைவீரர் போட்டிகள் பெருகின. பத்திரங்களுக்கு அரக்கு முத்திரை வைப்பதும் பரவியது. தூரத்திலிருந்து பார்த்தாலும், கட்டைவிரல் அளவுள்ள அரக்கில் பார்த்தாலும் ஒரே ஆளை அடையாளம் காட்டும் படம் தேவைப்பட்டது. இரும்புக் கவசத்துக்கு மேல் அணியும் துணி அங்கியிலும் அந்தப் படத்தைத் தைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் குலச்சின்னத்தின் பெயரிலேயே (‘கோட் ஆஃப் ஆர்ம்ஸ்’) ‘கோட்டு’ ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

அடையாளம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை போதும். 1471 ஏப்ரல் 14, லண்டனுக்கு வடக்கே பார்னெட். இங்கிலாந்தின் அரியணைக்காக இரண்டு அரச கிளைகள் மோதிய நாள். விடியற்காலை, அடர்ந்த மூடுபனி. மன்னர் நான்காம் எட்வர்டின் ஆட்கள் அணிந்திருந்தது கதிர் விரிக்கும் சூரியன். எதிரணியில் இருந்த ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் ஆட்கள் அணிந்திருந்தது கதிர் விரிக்கும் விண்மீன். எதிரியை விரட்டிவிட்டுத் திரும்பி வந்த ஆக்ஸ்ஃபோர்டின் படையை, பனியில் விண்மீனைச் சூரியன் என்று நினைத்து, அவருடைய சொந்த அணியினரே அம்பெய்து தாக்கினார்கள். ‘துரோகம்!’ என்று கூச்சல் எழுந்தது. அணி சிதறியது, எட்வர்டு வென்றார். அந்தச் சூரியனுக்கு என்ன தத்துவப் பொருள் என்று அன்று காலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏழு நிறங்கள், ஒரே விதி

குலச்சின்னத்தில் இரண்டு உலோகங்கள் உண்டு: பொன், வெள்ளி. வரையும்போது மஞ்சளும் வெள்ளையும் அவற்றுக்குப் பதிலாக நிற்கலாம். நிறங்கள் ஐந்து: சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, அருகலாக ஊதா. இவற்றைத் தவிர விலங்கு மயிர்த்தோலைக் குறிக்கும் கோலங்கள் சில. வெண்மையில் கறுப்பு வால் நுனிகள் தெறித்திருக்கும் ‘எர்மின்’ அவற்றில் பெயர் பெற்றது. பனிக்காலத்தில் வெள்ளையாகிவிடும், கீரி போன்ற ஒரு சிறு விலங்கின் தோல் அது. வேறு எந்த உருவமும் இல்லாமல் அந்தக் கோலத்தையே கேடயம் முழுவதும் பூசிக்கொண்டது, இன்று பிரான்சின் பகுதியாக உள்ள பிரிட்டனி நாடு.

இங்கிலாந்துக் கட்டியக்காரர்கள் இந்த நிறங்களை இன்றும் பழைய பிரெஞ்சுப் பெயர்களால்தான் அழைக்கிறார்கள். சிவப்புக்கு ‘கூல்ஸ்’, நீலத்துக்கு ‘அஷர்’, கறுப்புக்கு ‘சேபிள்’. நீலத்தின் பெயர் பாரசீகத்திலிருந்து அரபு வழியாக வந்தது. லாபிஸ் லசூலி என்ற நீல நிறக் கல்லைக் குறித்த சொல். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பிரபுக்கள் வீட்டிலும் பிரெஞ்சுதான் பேசினார்கள் என்பதைத் தவிர இதில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

விதி இதுதான்: உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது. நீலத்தில் பொன் சிங்கம் வைக்கலாம், நீலத்தில் சிவப்புச் சிங்கம் வைக்கக் கூடாது. வெள்ளியில் கறுப்புக் கழுகு சரி, வெள்ளியில் பொன் கழுகு தவறு. வெளிறியதையும் அடர்ந்ததையும் அடுத்தடுத்து வைத்தால்தான் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான் தத்துவம்.

இதைப் புரிந்துகொள்ள ஐரோப்பா போக வேண்டாம்; தெருவில் நின்று வண்டி எண் பலகைகளைப் பாருங்கள். சொந்தக் கார் என்றால் வெள்ளையில் கறுப்பு. டாக்சி, லாரி என்றால் மஞ்சளில் கறுப்பு. சொந்த மின்வாகனம் பச்சையில் வெள்ளை, வாடகை மின்வாகனம் பச்சையில் மஞ்சள். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் கார் கறுப்பில் மஞ்சள். தூதரக வண்டி நீலத்தில் வெள்ளை. மஞ்சளையும் வெள்ளையையும் உலோகமாகக் கொண்டால், ஒரு பலகைகூட அந்தப் பழைய விதியை மீறவில்லை. விதியை வகுத்த போக்குவரத்து அதிகாரிகள் ஹெரால்ட்ரி படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. கண் ஒன்றுதான்.

மீறலும் உண்டு. சிலுவைப் போர்க்காலத்து ஜெருசலேம் அரசின் சின்னம் வெள்ளிக் கேடயத்தில் பொன் சிலுவைகள். உலோகத்தின் மேல் உலோகம்! பார்ப்பவர் ‘இது தவறாயிற்றே, யாருடையது?’ என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே, அந்தப் புனித நகரத்துக்கு மட்டும் அளித்த தனிச் சலுகை என்று பிற்காலத்தவர் விளக்கம் சொன்னார்கள்.

தொடக்கக்காரர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நீலம் என்றால் எந்த நீலம்? வான நீலமா, மயில் கழுத்து நீலமா? எதுவானாலும் சரி. சின்னத்தின் மூலம் ஓவியம் அல்ல, சொற்கள். ‘நீலம், சாய்வாக ஒரு பொன் பட்டை’ என்பதுதான் ஆவணம். அதைப் படித்துப் பத்து ஓவியர்கள் பத்து விதமாக வரைந்தாலும் பத்தும் சரியே. நம் சிற்பிக்குத் தியான சுலோகம் எப்படியோ அப்படி: கையில் எது, வாகனம் எது என்பது மாறாது, முகத்தின் சாயல் சிற்பியுடையது. படிக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வலம், இடம் என்பது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலம், இடம். பார்க்கும் நமக்கு அது தலைகீழ்.

அப்படியானால் நிறங்களுக்குப் பொருளே இல்லையா?

பிறகு ஒட்டவைத்த பொருள் உண்டு. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில், ஹெரால்ட்ரி பிறந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, நூலெழுதிய சிலருக்கு நிறங்கள் வெறும் நிறங்களாக இருப்பது போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோளையும் ஒரு மணியையும் குணங்களையும் சேர்த்தார்கள். பொன்னுக்குச் சூரியனும் புட்பராகமும், வெள்ளிக்குச் சந்திரனும் முத்தும், சிவப்புக்குச் செவ்வாயும் மாணிக்கமும், நீலத்துக்கு வியாழனும் நீலக்கல்லும், கறுப்புக்குச் சனியும் வைரமும், பச்சைக்குச் சுக்கிரனும் மரகதமும், ஊதாவுக்குப் புதனும் செவ்வந்திக்கல்லும்.

இந்த வரிசையைப் பார்க்கும் தமிழருக்கு உடனே கை அரிக்கும். நம் நவரத்தின மோதிரக் கணக்கில் மாணிக்கம் சூரியனுக்கு, பவளம் செவ்வாய்க்கு, நீலம் சனிக்கு, வைரம் சுக்கிரனுக்கு, மரகதம் புதனுக்கு. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்திரனுக்கு முத்து என்பது மட்டும்தான் ஒத்துப்போகிறது. ஐரோப்பியரின் சனிக்கு வைரம், நம் சனிக்கு நீலம். நிறத்துக்குள் பொருள் இயல்பாகவே புதைந்திருக்கிறது என்பவர் இந்த இரண்டு பட்டியலில் எதைப் பின்பற்றுவார் என்று தெரியவில்லை.

நிறத்துக்காக அந்தக் காலத்து ஆட்கள் உண்மையில் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று பார்ப்பது இதைவிடப் பயன் தரும். 1385-இல் இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்தபோது, ரிச்சர்டு ஸ்க்ரோப் என்ற பிரபுவும் ராபர்ட் க்ரோவ்னர் என்ற வீரரும் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள்: நீலம், சாய்வாக ஒரு பொன் பட்டை. வழக்கு மன்றத்துக்குப் போனது. ஆண்டுக்கணக்கில் நடந்தது, சாட்சிகள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர். லண்டனில் ஃப்ரைடே தெரு வழியாகப் போகும்போது ஒரு வீட்டுக்கு வெளியே இந்தச் சின்னம் தொங்குவதைப் பார்த்து, ‘ஸ்க்ரோப் தங்கும் விடுதியா இது?’ என்று கேட்டதாகவும், ‘இல்லை, க்ரோவ்னருடையது’ என்று பதில் வந்ததாகவும், அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டதாகவும் 1386-இல் அவர் சாட்சி சொன்னார். இதைவிடக் கூர்மையான சாட்சியம் ஒரு கவிஞரிடமிருந்துதான் வரும்.

1390-இல் மன்னரே ஸ்க்ரோப் பக்கம் தீர்ப்பளித்தார். க்ரோவ்னர் குடும்பம் பட்டையை விட்டுவிட்டு, நீலத்தில் பொன் கதிர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டது. ஆனால் மறக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் 1880-இல் டெர்பி குதிரைப் பந்தயத்தை வென்றார். குதிரையின் பெயர் ‘பெண்ட் ஓர்’. பொன் பட்டை! வழக்கு தோற்று 490 ஆண்டுகள் ஆகியிருந்தன. நீலம் விசுவாசத்தையும் பொன் பெருந்தன்மையையும் குறிக்கும் என்று அந்த மன்றத்தில் வாதிட்டு எந்தப் பயனும் இருந்திருக்காது. ‘இது எங்களுடையது, எங்கள் பாட்டன் இதைத்தான் பிடித்தான்’ என்பதே இரு தரப்பின் பேச்சும்.

கல்லிலும் கறுப்பு மையிலும் நிறம் தெரியாதே என்றால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 1638-இல் பெட்ரா சாங்க்டா என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு பரப்பிய முறை அது. புள்ளிகள் இட்டால் பொன், ஒன்றும் இல்லையென்றால் வெள்ளி, நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் சேர்ந்த கட்டம் கறுப்பு, சாய்வுக் கோடுகள் ஒரு பக்கம் பச்சைக்கும் மறு பக்கம் ஊதாவுக்கும். அமெரிக்க ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில் கழுகின் மார்பிலுள்ள கேடயத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். மேலே கிடைக்கோடுகள், கீழே பட்டைகளில் நெடுக்குக் கோடுகள். அச்சில் நிறமில்லாமலே நீலமும் சிவப்பும் அங்கே இருக்கின்றன.

விலங்குகளும் சிலேடைகளும்

நிறத்தைவிட உருவங்களில்தான் சுவாரசியம் அதிகம். அவற்றில் ஒரு பகுதிக்கு உறுதியான பொருள் உண்டு; பெரும்பாலும் தேவாலயத்திலிருந்து வந்தவை. குறுக்கே வைத்த இரண்டு திறவுகோல்கள் புனித பேதுருவையும் போப்பாண்டவரையும் குறிக்கும். சிப்பி, ஸ்பெயினின் சந்தியாகு தலத்துக்கு நடந்த யாத்ரீகரின் அடையாளம். தன் மார்பைக் கொத்தி ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் கூழைக்கடா, இயேசுவின் தியாகத்தைக் குறிக்கும்; ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் உள்ள கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிகள் இரண்டும் அதைத்தான் வைத்திருக்கின்றன. கூழைக்கடா அப்படியெல்லாம் செய்வதில்லை என்று வேடந்தாங்கலில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னத்துக்கு அது பொருட்டல்ல.

இன்னொரு பெரும்பகுதி வெறும் சொல் விளையாட்டு. காளமேகப் புலவரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் காஸ்டீல் அரசுக்குக் கோட்டை. பெயரே கோட்டை என்பதால். லியோன் அரசுக்குச் சிங்கம். பெயரின் ஓசை அது. ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்கு ஆற்றைக் கடக்கும் எருது: ‘ஆக்ஸ்’ எருது, ‘ஃபோர்டு’ ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை. இரண்டாம் எலிசபெத் அரசியின் தாயார் பிறந்த குடும்பம் போஸ்-லயன். அவர்கள் கேடயத்தில் விற்களும் சிங்கங்களும். பெர்லினின் கரடியும் ஜெர்மன் மொழியில் ஓசை பொருந்தும் கரடிதான்.

சிலேடையில் எனக்குப் பிடித்தது ஷேக்ஸ்பியருடையது. 1596-இல் அவருடைய தந்தை ஜானின் பெயருக்குச் சின்னம் வழங்கப்பட்டது. பொன் கேடயம், சாய்வாகக் கறுப்புப் பட்டை, அதன் மேல் பொன் ஈட்டி. தலைக்கவசத்தின் மேலே ஈட்டியைப் பிடித்த வல்லூறு. ‘ஷேக்’ என்றால் அசை, ‘ஸ்பியர்’ என்றால் ஈட்டி. விதியும் கச்சிதம்: பொன்மேல் கறுப்பு, கறுப்பின்மேல் பொன். சில ஆண்டுகளில், தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் தருகிறார்கள் என்று கட்டியக்காரர் ஒருவர் தன் சக ஊழியர்மேல் புகார் கிளப்பினார். அந்தப் பட்டியலில் ‘ஷேக்ஸ்பியர் என்னும் நடிகன்’ என்று பெயர் இருந்தது.

சிங்கத்தைப் பற்றி ஓரிரு வார்த்தை. அதை வரைந்த பலர் சிங்கத்தைப் பார்த்ததே இல்லை. விலங்கைவிட அது நிற்கும் நிலைதான் முக்கியம். பின்னங்கால்களில் எழுந்து நகத்தை நீட்டினால் ஒரு பெயர். ஸ்காட்லாந்தின் செஞ்சிங்கம் அப்படித்தான் நிற்கிறது. நடந்துகொண்டே முகத்தை நம் பக்கம் திருப்பினால் வேறு பெயர். இங்கிலாந்தின் மூன்று பொன் சிங்கங்கள் அப்படி நடக்கின்றன. இப்படி நடப்பவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் சிறுத்தை என்றே அழைத்தார்கள். புலியின் கதை இன்னும் வேடிக்கை. பழைய ஹெரால்ட்ரிப் ‘புலி’க்குக் கோடு கிடையாது; ஓநாய் உடலும் வளைந்த மூக்குமாக ஏதோ ஒன்று. இந்தியாவுக்கு வந்து உண்மையான புலியைப் பார்த்துத் திரும்பியவர்கள் அதைத் தங்கள் சின்னத்தில் கேட்டபோது, கட்டியக்காரர்கள் பழையதை அழிக்காமல் புதியதற்கு ‘வங்கப் புலி’ என்று தனிப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஒரே கேடயத்தில் பல சின்னங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால், அது திருமணத்தையோ உரிமைக் கோரிக்கையையோ சொல்கிறது. 1340-இல் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு, பிரான்சின் அரியணையும் தனதே என்று அறிவித்து, பிரான்சின் பொன் அல்லி மலர்களைத் தன் கேடயத்தின் முதல் கட்டத்தில் வைத்தார். 1801-இல்தான் அந்த மலர்கள் அரச கேடயத்தை விட்டுப் போயின. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மன்னரின் தலையையே வெட்டி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த மனநிலை நமக்குப் புதிதல்ல. இராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையில் சோழரின் புலிக்குப் பக்கத்தில் பாண்டியரின் இரு கயல்களும் சேரரின் வில்லும் இருக்கின்றன. சங்க காலம் தொட்ட அந்த மூவேந்தர் சின்னங்களை ஹெரால்ட்ரி என்று அழைக்க நான் தயங்குவேன். கேடய விதிகளும் நிற விதிகளும் அவற்றுக்குக் கிடையா. ஆனால் அடுத்தவன் சின்னத்தைத் தன் முத்திரைக்குள் இழுத்துப்போடும் வழக்கம் அதேதான்.

குடும்பத்துக்குள்ளும் வேறுபாடு காட்ட வேண்டும். தந்தை உயிரோடு இருக்கும்போது மூத்த மகன் கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று தொங்கல் உள்ள ஒரு பட்டையைச் சேர்ப்பான். இங்கிலாந்து வழக்கத்தில் இரண்டாமவனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு விண்மீன், நான்காமவனுக்குக் கால்கள் இல்லாத ஒரு சிறு பறவை. நிலமெல்லாம் மூத்தவனுக்குப் போய்விடும். கடைக்குட்டிக்குக் கால் ஊன்ற இடமில்லை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பிற்காலத்தில் கட்டிய கதையாக இருக்கலாம். இருந்தாலும், பாகப்பிரிவினை கண்ட எந்த வீட்டுக்கும் புரியும் கதை.

உங்கள் குடும்பப் பெயரின் சின்னம் என்று கோப்பையில் அச்சடித்து விற்பவர்களை நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் சின்னம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அதே குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் அல்ல. அங்கே மூன்றாம் ரிச்சர்டு 1484-இல் ஏற்படுத்திய கட்டியக்காரர் கல்லூரி இன்றும் லண்டனில் கட்டணம் வாங்கிக்கொண்டு புதிய சின்னங்களை வழங்குகிறது. ஸ்காட்லாந்தில் அடுத்தவர் சின்னத்தை எடுத்தாண்டால் வழக்குப் போட அதற்கென்றே ஒரு நீதிமன்றமும் இருக்கிறது.

இனி ஒரு சின்னத்தை நேரில் படித்துப் பார்க்க ஆசைப்பட்டால், நமக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் இலங்கையின் காலிக் கோட்டை. பழைய வாசலின் வெளிப்புறத்தில் பிரிட்டிஷ் அரசின் சின்னம்: ஒரு பக்கம் சிங்கம் இங்கிலாந்துக்கு, மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை ஸ்காட்லாந்துக்கு. வாசலைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள். 1669 என்று ஆண்டு பொறித்து, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரெழுத்துகளை இரண்டு சிங்கங்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றின் உச்சியில் ஒரு சேவல். வீரத்துக்கு, விழிப்புக்கு என்று பட்டியல் ஏதாவது சொல்லும். ஊர்ப்பெயர் சிங்களத்தில் ‘கல’ என்ற பாறையோடு தொடர்புடையது என்பார்கள். முதலில் வந்த போர்த்துக்கீசியர் காதில் அது ‘காலு’ என்று விழுந்ததாம். அவர்கள் மொழியில் காலு என்றால் சேவல்.